சட்டன் போகும் வழியில் ஒரு கொலைகாரன்

லண்டனில் ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷனைத் தாண்டி, பெட்ரோல் பங்குக்கு முன்னால் அவர் நின்றிருந்தார். லிஃப்ட் கேட்கிற வெள்ளைக்காரர்கள் கட்டைவிரலைக் காட்டுவார்கள். இவர் முழுக் கையையும் நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, மெல்ல ஆட்டினார். அது பஸ்ஸை நிறுத்துகிற கை. அந்தக் கையைப் பார்த்தும் நிற்காமல் போகிற டிரைவர் எங்கள் திருச்சிப் பக்கத்தில் தலைமுறைக்கும் திட்டு வாங்குவான். அவருடைய யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான் போலிருக்கிறது. 'வேண்டாம்டா' என்று என் மூளை சொல்வதற்குள் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. ஓட்டுகிறவன் தமிழனாக இருந்தால்தான் அவர் அந்தக் கையை நீட்டுவார், மற்றவர்களுக்குக் கட்டைவிரல்தான் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. எது எப்படிக் கெட்டுப்போகும், எவன் எங்கே வழுக்கி விழுவான் என்று யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு மறுபடி வந்து இழுத்துப் பார்க்கிற ஜாதகம். அப்படிப்பட்ட நான் முன்பின் தெரியாத ஒருவருக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டேன்.

"தம்பி எங்கை போறியள்?"

"சட்டன் பக்கம் சார்."

"கடவுள்தான் அனுப்பியிருக்கிறார். எனக்கும் அங்கைதான்." ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். வயது எழுபது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, மேலே கனத்த கோட்டு, மடியில் ஒரு ஃபிளாஸ்க். "சார் எண்டு சொல்லாதேங்கோ. நான் வாத்தியும் இல்லை, பொலிசும் இல்லை. இன்னொண்டு சொல்லுறன், குறை நினைக்காதேங்கோ. தெரியாத ஆக்களை முன்சீட்டில ஏத்தப்பிடாது."

அதைச் சொன்னவர் என் முன்சீட்டில் இருந்தார்.

நான் சட்டன் போவது பாட்மின்டன் ஆட. சனிக்கிழமை காலையில் கல்லூரி நண்பர்கள் சிலர் அங்கே ஒரு ஹாலில் கூடுவோம். நான் ஆடுவது பாட்மின்டன்தான் என்று அவர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் போவது மனைவியைப் பார்க்க. பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்ட அந்த அம்மாள், சட்டனில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். "அங்கைதான் தமிழ் கதைக்கிற பிள்ளையள் வேலை செய்யினம். மரக்கறிச் சாப்பாடும் குடுக்கினம். நான் சனிக்கிழமை போகாட்டி அவ வாயை இறுக்கி மூடிப்போடுவா தம்பி. ஒரு வாய் சாப்பிடமாட்டா, ஒரு சொல்லுக் கதைக்கமாட்டா. அதால எப்பிடியும் போயாக வேணும்."

தலைசுற்றி விழுந்த பிறகு அவருடைய லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள். ரயிலில் போகலாமே என்று கேட்டேன். "படி ஏற முழங்கால் விடாது. மற்றது, ரயில்ல ஆரும் ஆற்றையும் முகத்தைப் பார்க்கினமே? எல்லாரும் போனுக்குள்ள. கார் எண்டால் நல்லது. ஓடுறவனுக்குத் தப்ப ஏலாது."

எதிலிருந்து தப்ப முடியாது என்று நார்தோல்ட் வருவதற்குள் தெரிந்துவிட்டது. அவர் கதை சொல்ல ஆரம்பித்தார். எல்லாம் பழைய கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படக் கதைகள். ஒரு காலத்தில் ஹாரோவில் வீடியோ கடை வைத்திருந்தாராம். வாடகைக்குப் போகாத கசெட்டையெல்லாம் தானே போட்டுப் பார்த்தாராம். கதைகளில் ஒரே ஒரு விஷயம்தான் திரும்பத் திரும்ப வரும். வெறிச்சோடிய ரோடு, தனியாக வருகிற கார், ஓரத்தில் கைகாட்டும் ஒருவன். ஏறியவன் கொலைகாரன்.

இதில் அவர் ஒரு பண்டிதர். "மழை கொட்டுது, ஆனா நிக்கிறவன் நனையேல்லை எண்டால் ஏத்தாதேங்கோ. எங்கை போறீர் எண்டு கேக்காமல் ஏறுறவனை ஏத்தாதேங்கோ. ரேடியோவில செய்தி துவங்கேக்கை பாட்டுப் போடச் சொல்லுறவனை உடனே இறக்குங்கோ. சப்பாத்தைப் பாருங்கோ, சேறு இருக்கோ எண்டு. பொம்பிளை எண்டால் இன்னும் கவனம். ஆம்பிளையள் பொம்பிளையிட்ட தங்கட முழுச் சரித்திரத்தையும் தாங்களாவே சொல்லிப்போடுவினம்."

நான் குனிந்து அவர் ஷூவைப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் பட்டது.

"இதில ஒரு சூட்சுமம் இருக்கு தம்பி. ஏத்துறவன் எப்பவும் நல்லவன். ஆனா வீட்டில ஒரு சின்னப் பொய் சொல்லிப்போட்டு வந்திருப்பான். மீன் பிடிக்கப் போறன் எண்டு பெண்சாதியிட்டச் சொல்லியிருப்பான். உண்மையில வேற எங்கையோ போறான். அந்தப் பொய்யாலதான் அவனால பொலிசுக்குப் போக ஏலாது. அதில பிடிப்பான் மற்றவன்."

பாட்மின்டன் முடிந்ததும் நாங்கள் அடுத்த தெரு ஓட்டலில் நெய் ரோஸ்ட் அடிக்கிற விஷயம் என் மனைவிக்குத் தெரியாது. கொலஸ்டிராலுக்கு மாத்திரை சாப்பிடுகிறவன் நான். இந்த ஆள் எப்படிக் கண்டுபிடித்தார்?

கிங்ஸ்டன் பாலம் தாண்டியதும் கதையில் அந்தக் கொலைகாரன் காரோட்டியைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தான். சீம் வரும்போது கோட்டுப் பைக்குள் கையை விட்டான். சட்டனில் அந்த இல்லத்தின் வாசல் வந்துவிட்டது. இவர் பெல்ட்டைக் கழற்றினார்.

"அப்புறம் என்ன ஆச்சு அண்ணே?"

"மிச்சம் வாற சனி" என்று இறங்கிப் போய்விட்டார். அன்று நான் ஆடிய ஆட்டத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பெட்ரோல் பங்குப் பக்கமே போவதில்லை என்று சத்தியம் செய்திருந்தேன். ஆனால் கோட்டுப் பைக்குள் போன கை என்ன எடுத்தது என்று தெரியாமல் ஒரு வாரம் முழுக்க ஆபீசில் வேலை ஓடவில்லை. போனேன். நின்றிருந்தார். அவர் கை நீட்டுவதற்கு முன்பே நான் வண்டியை ஓரங்கட்டினேன். பையிலிருந்து வந்தது வெறும் சிகரெட் பெட்டியாம். ஆனால் அதற்குள் வேறு ஒரு ஆபத்து முளைத்து, அது சீம் வரைக்கும் வளர்ந்து, இல்லத்தின் வாசலில் அந்தரத்தில் தொங்கியது. இப்படியே மாதக்கணக்கில் போனது.

நான் மட்டும் மாட்டவில்லை. வார நாட்களில் மருந்துக்கடை வைத்திருக்கிற குஜராத்திக்காரர், குழாய் ரிப்பேர் பார்க்கிற போலந்துக்காரர் என்று யார் கிடைத்தாலும் ஏறுவார். நீங்கள் போகிற இடம் எதுவோ, அது வரைக்கும் அவருக்கும் வேலை இருக்கும். திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு டாக்டர் பையன், கதை சூடுபிடித்த இடத்தில் ரவுண்டானா ஒன்றில் இவரை இறக்கிவிட்டு, காரில் இருந்த இவருடைய குடையையும் திருப்பித் தராமல் பறந்துவிட்டானாம். "நல்ல ரசிகன்" என்றார் இவர், துளிக் கோபம் இல்லாமல்.

ஒருநாள் சிக்னலை நெருங்கிக்கொண்டிருந்தோம். கதையில் கையுறை போட்ட ஒருத்தன். "மெல்லக் கையை உள்ளுக்கை விடுறான்" என்று சொல்லிக்கொண்டே இவரும் தன் கோட்டுக்குள் கையை விட்டார். நடுரோட்டில் பிரேக்கை மிதித்தேன். பின்னால் வந்தவன் ஹாரனிலேயே என் பரம்பரையை விசாரித்தான். இவர் நிதானமாக அலுமினியத் தாளில் சுற்றிய பொட்டலத்தை வெளியே எடுத்தார்.

"பருத்தித்துறை வடை. சாப்பிடுங்கோ. என்ன தம்பி, பயந்திட்டியளே?"

"நாய் ஒண்ணு குறுக்க வந்துச்சு அண்ணே."

"ஓம் ஓம், வந்தது, வந்தது" என்றார். வடை நன்றாக இருந்தது.

அந்தப் படங்களின் முடிவுகளை நானே கண்டுபிடித்துவிடலாம் என்று இன்டர்நெட்டில் தேடியிருக்கிறேன். எதுவும் கிடைக்கவில்லை. அப்படி ஒரு படமே இல்லை. எல்லாம் இவர் கட்டிவிட்டது. இதைத் தெரிந்துகொண்ட பிறகாவது என் பயம் குறைந்திருக்க வேண்டும். கூடிவிட்டது. இத்தனை கொலையை ஒரு மனுஷன் சும்மா உட்கார்ந்து யோசிப்பானா?

பிறகு ஒரு சனிக்கிழமை ஃபிளாஸ்கைக் காரிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அதைக் கொடுக்க நான் இல்லத்துக்குள் போனேன். அதுவரை வாசலோடு சரி. ஓர் அறையிலிருந்து அவர் குரல் கேட்டது. கதவு பாதி திறந்திருந்தது.

"உவன் ஒண்டும் கதைக்கிறானில்லை. கிங்ஸ்டன் பாலம் வருது. உள்ளங்கையைக் காற்சட்டையில துடைக்கிறான். பேந்தும் துடைக்கிறான். எனக்கு விளங்கியிட்டுது, இவனுக்குக் கை பரபரக்குது எண்டு. பின்சீட்டில அந்த நீளப் பை."

"துவக்கோ?" என்றது ஒரு பெண் குரல். நாக்குத் தடித்திருந்தது. ஆனால் என்ன ஆவல் அதில்!

"ஆருக்குத் தெரியும்? திறந்து பார்க்க ஏலுமே? கடைக்கண்ணால என்ரை சப்பாத்தையே பார்க்கிறான். பேந்து திடீரெண்டு..."

நீளப் பையில் இருந்தது துப்பாக்கி இல்லை, என் பாட்மின்டன் மட்டை. கையைத் துடைத்தது வேர்த்ததால். பேசாமல் இருந்தது பயத்தால். நான் ஃபிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு அசடு வழிய வாசலில் நின்றேன். கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே ஒரு சின்ன அம்மாள், பொட்டு வைத்து, தலை வாரி, கண் இரண்டும் பளிச்சென்று. என்னைப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, வாசல்ல ஆரோ... ஐயோ, இவரே?"

"வந்திட்டான்" என்றார் அவர், கொஞ்சமும் வெட்கப்படாமல். "பயப்படாதை. இண்டைக்கு அந்தப் பை இல்லாமல்தான் வந்திருக்கிறான்."

அந்த அம்மாள் விழாத பக்கத்துக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என்னைப் பார்த்து என் மாமியார் சிரிப்பார், மேனேஜர் சிரிப்பார். பயமும் சந்தோஷமும் கலந்து யாரும் சிரித்ததில்லை.

வெளியே தாழ்வாரத்தில் அவர் என் தோளைத் தட்டினார். "குறை நினைக்காதேங்கோ தம்பி. நீங்கள் நல்ல பிள்ளை. ஆனா நல்ல பிள்ளையை வச்சுக் கதை சொல்ல ஏலாது. முதல்ல அவ சாப்பிடாமல் கிடந்தா. மூக்கால குழாய் விடவேணும் எண்டு டாக்டர் சொன்னவர். அப்பதான் சொன்னனான், இஞ்சை பார், உன்னட்டை வாற வழியில ஒரு பொல்லாதவன் என்னைக் காரில ஏத்துறான். இந்தச் சனி தப்பியிட்டன். வாற சனி தப்புவனோ தெரியாது. நீ சாப்பிட்டு இருந்தாத்தான் கேக்கலாம் எண்டு. அண்டைக்குக் கஞ்சி குடிச்சா."

"அக்கா நிஜமாவே நம்புறாங்களா அண்ணே?"

"அவவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா சனிக்கிழமை வரைக்கும் அவவுக்கு ஒரு யோசனை வேணுமெல்லே?" பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "வேற ஆக்களும் கதையில இருக்கினம். குஜராத்திக்காரனைக் கூட ஒருக்காக் கெட்டவனாக்கிப் பார்த்தனான். அவ உங்களைத்தான் கேக்கிறா."

காரில் வந்து உட்கார்ந்தபோது எனக்கு முதலில் ரோஷம் வந்தது. என்னைக் கேட்காமல் என்னைக் கொலைகாரனாக்கிவிட்டார் என்று. கொஞ்ச நேரத்தில் அது போய், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெருமையாக இருந்தது. குஜராத்திக்காரரைத் தோற்கடித்திருக்கிறேன். ஆபீசில் எத்தனையோ வருடமாகக் கிடைக்காத பிரமோஷன் இது. அடுத்த வாரம் கறுப்புக் கோட்டும் தோல் கையுறையும் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

"பாட்மின்டனுக்கு எதுக்குங்க கோட்டு?" என்றாள் மனைவி.

"குளிருது."

அவளிடம் மறைத்த விஷயங்களில் இன்னொன்றும் சேர்ந்தது. அவருடைய விதிப்படி நான் இப்போது இரட்டைப் பொய்க்காரன். போகிற வழியில் இரண்டு தடவை காரணமில்லாமல் பிரேக் போட்டேன், கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன், ஒரு மாதிரி உறுமினேன்கூட. அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, நடிக்காதேங்கோ. நீங்கள் சும்மா இருந்தாலே காணும்" என்றார். மூஞ்சியில் ஈயாடாமல் கையுறையைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டேன்.

குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை பெட்ரோல் பங்குக்கு முன்னால் அவர் இல்லை. அங்கேயே காத்திருந்தேன். பிறகு பக்கத்துத் தமிழ்க் கடையில் விசாரித்தேன். முந்தைய நாள் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம், உயிரோடு திரும்பவில்லை. கடைக்காரர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் கறிவேப்பிலைக் கட்டு ஒன்றை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தேன். காரில் வந்து உட்கார்ந்து அழுதேன். வாயைத் திறந்தால் கொலையைத் தவிர வேறு பேசாத மனுஷனுக்காக ஒருத்தன் இப்படி அழலாமா என்று ஒரு பக்கம் கேள்வியும் வந்தது.

அவர் பெயரை இறுதிச் சடங்கில்தான் கேள்விப்பட்டேன். அது அவருக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை, இங்கே எழுதவும் மனமில்லை. மண்டபத்தின் பின்வரிசையில் நாங்கள் ஒரு கூட்டம் நின்றோம், ஒருவரை ஒருவர் தெரியாமல். மெல்ல மெல்லப் பேச்சு வந்தது. எல்லோருமே அவரைக் காரில் ஏற்றியவர்கள். "உங்களுக்காவது தெரியுமா, அந்தப் பெட்ரோல் டின் கொண்டுவந்த பெண் என்ன ஆனாள்?" என்று குஜராத்திக்காரர் ஆங்கிலத்தில் கேட்டார். போலந்துக்காரருக்குத் தெரியவில்லை. அவர் ஒற்றைக் கண்ணுக்காரனின் கதையில் நின்றிருந்தார். திருநெல்வேலி டாக்டரும் வந்திருந்தான், கையில் அந்தக் குடையோடு. முடிவு தெரிந்தவர் ஒருத்தர்கூட அங்கே இல்லை. முன்வரிசையில் சக்கர நாற்காலியில் அந்த அம்மாள் இருந்தார், பக்கத்தில் கனடாவிலிருந்து வந்த மகள். அம்மாள் யாரையும் பார்க்கவில்லை. அவர் பக்கத்தில் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை மட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். விளையாடப் போவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கார் இல்லத்தின் வாசலில் போய் நின்றது. அங்கே வேலை செய்கிற யாழ்ப்பாணத்துப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"மகள் நேற்று கனடாவுக்குத் திரும்பியிட்டா அண்ணை. அம்மா வாயைத் திறக்கிறாவில்லை. ஒரு சொல்லும் இல்லை, ஒரு கரண்டி கஞ்சியும் இல்லை. டாக்டர் பழையபடி குழாய்க் கதை கதைக்கிறார்."

"நான் போய் என்னம்மா பண்ணப் போறேன்?"

"பார்த்திட்டாவது போங்கோ."

உள்ளே போனேன். ஆபத்து வருமுன் கணக்குப் போடுகிறவன் நான். அந்த அறைக்குள் என்ன பேச வேண்டும் என்று மட்டும் ஒரு வரிகூடத் தயாராக இல்லை. அம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பொட்டு இல்லை. தலையை யாரோ அவசரமாக வாரியிருந்தார்கள். மேசையில் கஞ்சி ஆடை படிந்து கிடந்தது.

"அக்கா" என்றேன்.

மெல்லத் திரும்பினார். என் முகத்தை, என் கையை, தோளில் தொங்கிய நீளப் பையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் தனியாக வந்திருப்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. பயணியைத் தொலைத்துவிட்டு வந்த டிரைவர்.

"என்ன செய்தனீங்கள் அவரை?" என்றார்.

விளையாட்டாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா, எனக்குத் தெரியாது. பின்னால் நின்ற பெண் மூச்சை இழுப்பது கேட்டது. நான் கதை சொல்லத் தெரிந்தவன் இல்லை. இழுத்துக் கொண்டுபோய் அந்தரத்தில் நிறுத்துகிற வித்தையெல்லாம் எனக்கு வராது. வந்ததைச் சொன்னேன்.

"தப்பிச்சிட்டாருக்கா. என்னால பிடிக்க முடியல."

அம்மாளின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுப் பக்கம் ஓடியது. துடைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நான் என் பைவாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவள் தலையணையை உயர்த்தி வைத்துக் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தாள். ஒரு கரண்டி உள்ளே போனது. விழுங்க நேரமாயிற்று.

"தம்பி, கதை இப்பிடிச் சொல்லப்பிடாது" என்றார் பிறகு. ஒவ்வொரு சொல்லாக, நாக்கை இழுத்து இழுத்து. "முடிவை எடுத்த உடனை சொல்லிப்போட்டீங்கள்."

"எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதாங்க்கா."

"அவர் தப்பினது எனக்குத் தெரியும். பேந்து உங்களைப் பொலிஸ் எங்கை வச்சுப் பிடிச்சது, தெரியுமே?"

"தெரியாதுக்கா."

"கதிரையை இழுத்துப் போட்டு இருங்கோ. நான் சொல்லுறன்."

நான் பையைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.